உத்திரமில்லாத வீடு

வீட்டில் தூளி கட்ட இடமே இல்லை என்பது, சேலையும் கையுமாக அண்ணாந்து பார்த்தபோதுதான் அபிநந்தனுக்குத் தெரிந்தது. தலைக்கு மேலே வழவழவென்று சிமெண்டுத் தளம். ஓட்டு வீடே வேண்டாம் என்று, செவிலிமேட்டில் அலைந்து திரிந்து இந்தப் புது வீட்டை வாடகைக்குப் பிடித்தவன் அவன்தான். மூன்று மாதக் குழந்தை குணமாலா, பிறந்த இடமான தாமலிலிருந்து தாயோடு அன்று காலைதான் வந்திருந்தாள். வந்ததிலிருந்து ஒரே அழுகை.

"உங்கப்பா வூட்ல எம்மாம் பெரிய உத்திரம்! அதுல தூளி கட்டிப் பழக்கிட்டீங்க. அதான் இங்க தூங்கமாட்டேங்குது" என்றான் மனைவியிடம்.

"அதில்லீங்க, அங்ககூட..." என்று ஆரம்பித்தாள் சுகுமாரி.

"நீ கவலப்படாத. நான் பாத்துக்கறேன்."

முதலில் ஜன்னல் கம்பிக்கும் கதவு நிலைக்கும் குறுக்காகக் கட்டினான். குழந்தை தூங்கவில்லை. குழந்தையைப் பார்க்க வந்த வீட்டுக்காரர் நமச்சிவாயம் மட்டும் குனிய மறந்து தூளியில் மோதி, மூக்குக் கண்ணாடியைப் பறிகொடுத்தார். அதற்கப்புறம் அவர் வாசலோடு சரி.

அடுத்து, மின்விசிறியைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் கட்டினான். சித்திரை வெயிலில் தளம் அடுப்பாய்க் காய்ந்தது. குழந்தை வியர்த்து விறுவிறுத்து அலறியது. கழற்றிய மின்விசிறிக்குப் பதிலாக அபிநந்தனே பனையோலை விசிறியோடு நின்றான். பட்டுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிற கை அது. மறுநாள் பேனாவைப் பிடிக்க மறுத்துவிட்டது.

"என்னாங்க, நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க. தாமல்ல..."

"தெரியும் சுகுமாரி. தாமல்ல ஏரிக் காத்து இருக்குது, உத்திரம் இருக்குது. இங்க நான் ஒருத்தன்தான் இருக்கறேன்."

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

தச்சரிடம் சொல்லிச் செய்த மரத்தொட்டில் ஒன்று வந்தது. ஆட்டும்போதெல்லாம் அது கிறீச்சிட்டது. குழந்தையும் கூடவே கிறீச்சிட்டது. எண்ணெய் விட்டதும் தொட்டில் ஓய்ந்தது, குழந்தை ஓயவில்லை.

அன்று, சமணர் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்த அபிநந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மகளைப் பார்ப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாமலுக்கு பஸ் ஏறியவன் அவன். இப்போதுதான் வேலையிலிருந்து வந்ததும் வாரித் தூக்க முடிகிறது. தன் ஆசைக்காகப் பச்சைக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்கலாமா? நல்ல தகப்பன் செய்கிற காரியமா அது? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். உடனே வரச்சொல்லி மாமனாருக்குத் தகவல் அனுப்பினான்.

மாமனார் அப்பாண்டை மறுநாளே மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். பேத்தியின் அழுகை தெருமுனை வரை கேட்டது. அவரிடம் ஏனோ பதற்றமே இல்லை. அவர் தெருவிலேயே குடியிருக்கும் வண்டியோட்டி பழனி அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து பின்னாலேயே வந்தான்.

"மாமா, பாப்பாவ தாமலுக்கே கூட்டிக்கினு போயிடுங்க" என்றான் அபிநந்தன். "அது நிம்மதியா தூங்கட்டும். நான் எப்படியோ இருந்துக்கறேன்."

அப்பாண்டை துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். சுகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பழனிதான் மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டு, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

"ஐயோ, வேணாங்க! பாப்பா இங்க வந்தப்புறந்தான் எங்க தெருவே தூங்குது!"