துண்டு மாமாவின் ஈறும், அத்தை நின்ற தூரமும்

உத்தமபாளையம் வட்டாரத்தில் பேசிப் பேசியே வியாபாரத்தை முடித்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். வெறுமனே மூச்சு விட்டே வியாபாரத்தை முடித்தவர், எனக்குத் தெரிந்து, துண்டு மாமா ஒருத்தர்தான்.

அவர் மாட்டுத் தரகர். சொந்தப் பேர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகரும் வாங்க வந்தவரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு எதுவும் தெரியக்கூடாது என்பதால் ரெண்டு பேரும் முகத்தோடு முகம் ஒட்டி நிற்க வேண்டும். அங்கேதான் மாமாவின் பலம். ஈறு வீங்கிச் சீழ் கட்டி, பல்லிடுக்கில் பல வருஷத்துக் காரை படிந்து, அதற்கு மேல் ஒரு கொத்துப் புகையிலையும் அடக்கியிருப்பார். அவர் "என்ன சொல்றீக" என்று வாயெடுப்பதற்குள் எதிராளி தலையை ஆட்டிவிடுவான். குமுளிக்கு மேலே இருந்து வந்த மலையாளத்து வியாபாரி ஒருவர், "மதி சேட்டா, மதி" என்று, அதாவது போதும் அண்ணே போதும் என்று, மூக்கைத் தோளில் புதைத்தபடி கேட்ட விலைக்கு மாட்டை ஓட்டிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். மாமா இதையெல்லாம் தன் கைராசி என்று நம்பினார்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். ஒரே தெருக்காரர் என்பதால் வாரம் தவறாமல் வந்து கிராம்புத் தைலம் வாங்குவார். வந்தவர் சும்மா இருக்க மாட்டார். கடைக்கு வருகிறவர்களை எல்லாம் வாயைப் பார்த்தே எடை போடுவார். "மாடும் பொய் சொல்லாது, மாட்டுப் பல்லும் பொய் சொல்லாது. நடுவுல நிக்கிற தரகன் மட்டுந்தேன் சொல்லுவான் மாப்ளே" என்பார். ஊர் மாட்டுக்கெல்லாம் உதட்டைத் தூக்கிப் பார்த்தவர், தன் உதட்டைக் கண்ணாடியில் ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை.

பல் தேய்ப்பதற்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படக்கூடாது. "புண்ணுல போயி யாராச்சும் தேய்ப்பாகளா?" என்று கேட்பார். ரத்தம் வரும் இடம் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போய், கடைசியில் மேல்வரிசையில் ரெண்டே ரெண்டு பல்லைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அத்தை அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படி நிலையில் போய் நின்றுகொண்டுதான் பேசுவார். "வேணுமா?" "போதுமா?" எல்லாம் அங்கேயிருந்துதான். மாமா என்னிடம் பெருமையடிப்பார். "பாத்தியா, இத்தனை வருசத்துல எனக்குச் சமமா வந்து நின்னுருப்பாளா? மருவாதைன்னா அது."

ஒருநாள் அவித்த மக்காச்சோளத்தைக் கடித்தவருக்குச் சோளத்தோடு பல்லும் சேர்ந்து ஆடியது. தேனியில் ஒரு பல் டாக்டர் அம்மா இருந்தார்கள். கடைக்குச் சரக்கு எடுக்க நானும் தேனிக்குப் போக வேண்டியிருந்ததால் மாமா, அத்தை, நான் மூன்று பேரும் கிளம்பினோம். வழக்கம்போல அத்தை பஸ்ஸில் முன்னால் பெண்கள் சீட்டுக்குப் போய்விட்டார்.

டாக்டர் அம்மா உதட்டைத் தூக்கியதும் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏத்தா, மாட்டைப் பாக்குற மாதிரில்ல பாக்குற."

"மாட்டுக்கு இப்படி இருந்தா வாங்குவீங்களா ஐயா?"

தொழிலை வைத்து அவரை மடக்கிய முதல் ஆள் அந்த அம்மாதான். எட்டுப் பல் ஆடுகிறது என்றார்கள். "காரையை நான் எடுத்துர்றேன். மிச்சம் வீட்ல நீங்க செய்யிறதுலதான் இருக்கு. காலைலயும் படுக்கப் போறப்பவும், மெதுவான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேர்ற இடத்துல சாய்ச்சு வெச்சு, பூ மாதிரி தேய்க்கணும். ரத்தம் வந்தாலும் நிப்பாட்டக் கூடாது. அழுக்கு தங்குறதாலதான் ரத்தமே வருது. பல்லிடுக்குல இந்த மெழுகு நூலை விட்டு எடுங்க. புகையிலை கூடவே கூடாது. பத்து வாரம் பாப்போம். இல்லன்னா எட்டையும் எடுக்கணும்."

பிறகு கதவோரம் நின்ற அத்தையைப் பார்த்து, "பக்கத்துல வந்து பாருங்கம்மா, நீங்கதான் கவனிச்சுக்கணும்" என்றார்கள்.

"நான் இங்கனயே நிக்கிறேன் டாக்டரம்மா."

"வர மாட்டா. மருவாதை" என்றார் மாமா.

டாக்டர் அம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "மரியாதை இல்லைங்கய்யா, வாடை" என்றார்கள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அடுத்து அத்தையைப் பார்த்தார்.

"எத்தனை வருசமா?"

"மூத்தவன் பள்ளிக்கூடம் சேந்ததுல இருந்து."

மூத்தவனுக்கு அப்போது கல்யாணமே ஆகியிருந்தது.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா சங்கடப்படுவீகளேன்னுதேன்."

அன்றோடு கைராசியும் போயிற்று, மரியாதையும் போயிற்று.

மறுநாள் காலையில் பிரஷ்ஷை எடுத்தார். பூ மாதிரி என்று டாக்டர் சொன்னது அவருக்கு ஆற்றில் காளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி என்று புரிந்திருந்தது. ஒரே வாரத்தில் மூன்று பிரஷ் சீப்பு மாதிரி விரிந்தன. மெழுகு நூலை அத்தை பூக்கட்ட எடுத்துவிட்டார் என்று, சாக்குத் தைக்கிற சணலைப் பல்லுக்குள் விட்டு, அது வெளியே வராமல், வாயில் மூக்கணாங்கயிறு தொங்கக் கடைக்கு ஓடிவந்தார். நான் கத்தரியால் அறுத்து எடுத்துவிட்டு, புது நூல் கொடுத்து, விரலில் சுற்றி எப்படி இழுப்பது என்று என் பல்லிலேயே காட்டினேன். அப்போதுதான் என் ஈறிலும் ரத்தம் வருவது எனக்கே தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

பத்து நாளில் அவருக்கு ரத்தம் குறைந்தது. அதற்குப் பிறகு கடைக்கு வந்து ஈறைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். அத்தை நிற்கும் தூரத்தைத்தான் சொல்வார்.

"நேத்து பீரோகிட்ட நின்னா மாப்ளே."

"நிலையை விட்டு வந்துட்டாகளா?"

"ரெண்டு எட்டு. காத்துக்காக வந்தாளோ என்னமோ."

சந்தையில்தான் சங்கடம். துண்டுக்குள் கையை விட்டவர்கள் வெளியே எடுக்கிற பாடில்லை. மழை உண்டா, வாழை என்ன விலை, மருமகள் எப்படி என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். "முன்னெல்லாம் ஒரு விரலைப் பிடிச்சா முடிஞ்சிரும். இப்ப அஞ்சு விரலையும் பிடிச்சுக்கிட்டுக் கதை பேசுறாய்ங்க" என்று நொந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து நல்ல காளை ஜோடி ஒன்று அவர் கைக்கு வந்தது. வாங்க வருவது அதே மலையாளத்து வியாபாரி. சந்தைக்கு முதல் நாள் மாமா கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "இன்னிக்கும் நாளைக்கும் மட்டும் பல்லு வெளக்காம விட்டா என்ன? கூட ஒரு துணுக்குப் பொகையெல. சந்தை முடிஞ்சதும் மறுபடி ஆரம்பிச்சுர்றேன்."

"அத்தை இப்ப எங்கன நிக்கிறாக?"

மாமா துண்டின் நுனியை விரலில் சுற்றினார். "பீரோவைத் தாண்டி, டிவிகிட்ட" என்றார். பிறகு வேறு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "தேய்ச்சுட்டுத்தேன் போனேன். ஒரு மணி நேரம் நின்னான். மக கல்யாணக் கதையெல்லாம் சொன்னான். பேசிப் பேசி நான் கேட்டதுல பாதிக்கு ஓட்டிட்டுப் போயிட்டான்." துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆனா தங்கமான மனுசன் மாப்ளே. இத்தனை வருசமா எனக்குத் தெரியாமப் போச்சு."

பத்து வாரம் கழித்து மறுபடி மூன்று பேரும் தேனிக்குப் போனோம். டாக்டர் அம்மா ஒவ்வொரு பல்லாக அசைத்துப் பார்த்தார்கள். ரெண்டைக் காப்பாற்ற முடியவில்லை. மற்ற ஆறும் நின்றுவிட்டன. இனி ஆயுசுக்கும் இப்படியே தேய்க்கணும் என்றார்கள். பல் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அனுப்பினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் முன்னால் பெண்கள் சீட்டு ரெண்டு காலியாகத்தான் இருந்தது. அத்தை அதைப் பார்த்தார். பிறகு பின்னால் வந்து, மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்குதாக்கும்?" என்று அவர் காதுக்குக் கிட்டே கேட்டார். மாமா இல்லையென்று தலையாட்டினார். பஞ்சை எடுத்துவிட்ட பிறகும் அவர் வாயைத் திறக்கவில்லை. மூக்கால் மட்டும், அதுவும் ஜன்னல் பக்கம் திரும்பி, மூச்சு விட்டுக்கொண்டு வந்தார்.

சின்னமனூரில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் உட்காரவில்லை. அவர்கள் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடியே, ஊர் வரைக்கும் அந்த ரெண்டு தலைகளையும் பார்த்துக்கொண்டு வந்தேன்.