மேல் கோடு எரியாத ஏழு

சேலையூர்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி ஆபேல் ஐயா அவர்களுக்கு,

வேதசிரோமணி தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு யாவரும் சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். கலியாணம் முடிந்து பத்து நாளாகியும் தங்கள் வீட்டில் யாரும் போனை எடுக்காததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

என் மகள் எப்சி தங்கள் மருமகளான வேளையில் கோயிலில் சாவுக்குப் பாடும் அடக்க ஆராதனைப் பாட்டு பாடப்பட்டது உண்மைதான். அன்று முதல் சம்பந்தியம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஐயா, பாட வேண்டியது எங்கள் சபைப் பாட்டுப் புத்தகத்தில் 217. பாட்டு எண்ணைக் காட்டும் பலகையில் எரிந்தது 211. மர எண்களைச் செருகும் பழைய பலகையை எடுத்துவிட்டு, ரிட்டையரான சந்தோஷத்தில் நான்தான் அந்த மின்சாரப் பலகையை வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பெருமையில் பாட்டுத் தாளும் அச்சடிக்கவில்லை. ஆர்கன் வாசிக்கும் ஜான்சி பலகையைப் பார்த்தாள், நானூறு பேரும் பலகையைப் பார்த்தார்கள், எங்கள் சபையார் எண் போட்டால் பாடிவிடுவார்கள், எதற்கு என்று கேட்கமாட்டார்கள், போதகர் கையைக் காட்டி நிறுத்துவதற்குள் இரண்டு சரணம் முடிந்துவிட்டது, அதில் உரத்த குரல் என்னுடையது.

நேற்று பல்லாவரத்திலிருந்து மெக்கானிக் ஆரோன் வந்து பலகையைக் கழற்றினார்.

"சார், உள்ள நம்பரே கெடையாது. ஒவ்வொரு எடத்துலயும் ஏழு கோடு, அவ்ளோதான். எது எரியணும்னு இந்தச் சிப்பு சொல்லும். எட்டுன்னா ஏழு கோடும் எரியும். ஏழுன்னா மேல ஒண்ணு, வலது பக்கம் ரெண்டு. உங்களுக்கு மேல உள்ளது பூடுச்சு, ஏழு ஒண்ணாயிடுச்சு" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீஸில் எண்களோடு வாழ்ந்தவன், பத்து எண்ணும் ஏழே கோட்டுக்குள் குடித்தனம் நடத்துவதை இப்போதுதான் பார்க்கிறேன். நடுக்கோட்டை அணைத்தால் எட்டு பூஜ்யம். எரியாமல் இருக்கும் கோடும் வேலைதான் செய்கிறது, ஐயா. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டச் சொன்னேன். "சார், நான் சாப்டப் போணும்" என்றார் ஆரோன். இப்போது காய்கறிக் கடைத் தராசைப் பார்த்தாலும் அங்கேயே நின்றுவிடுகிறேன்.

ஆகவே இதில் மனிதர் தவறு எதுவும் இல்லை. பழி முழுவதும் விரல் நீளமுள்ள ஒரு கோட்டையே சேரும். ஞாயிறு மறுவீட்டு விருந்துக்குக் குடும்பத்தோடு அவசியம் வர வேண்டும். சாப்பாட்டுக்கு முன் பலகையைக் காட்டுகிறேன்.

தங்கள் வீட்டில் ஆண்டவருடைய சமாதானம் தங்கட்டும்.

அன்புள்ள,
வேதசிரோமணி

பி.கு.: கவரை ஒட்டுமுன் என் மனைவி அபிகாயில் இதைப் படித்துவிட்டு, மீதியையும் எழுதச் சொல்கிறாள். கலியாணத்துக்கு முந்தின நாள் ஒத்திகையிலேயே அந்தக் கோடு விட்டு விட்டு எரிந்தது. "அப்பா, அந்த ஏழு சரியா எரியலப்பா. பாட்டைப் பிரிண்ட் போட்டுடலாம்" என்று எப்சி சொன்னாள். "கல்யாணப் பொண்ணு, உன் வேலையப் பாரு" என்று அவள் வாயை அடைத்தவன் நான். இந்தப் பத்து நாளில் அங்கே அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி அவளை விட்டு என் மேல் வந்திருக்கும். அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அவள் சொல்லவில்லை. சம்பந்தியம்மாவுக்கு இதை மட்டும் படித்துக் காட்டுங்கள்; மேலே உள்ளதை விட்டுவிடலாம்.