ரவுண்டானாவில் ஒன்பது சுற்று

சனிக்கிழமை காலை ஆலைக் குடியிருப்பான கைலாசபுரத்துக்குப் போய் ஒரு பழைய காரை ஓட்டிப் பார்ப்பது, பிடித்திருந்தால் முன்பணம் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு வருவது. அன்றைய வேலை இவ்வளவுதான்.

இதில் தவறு நேர இடமே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவள் நான். எந்த வேலையையும் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் சரிபார்த்து, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு முடித்துத்தான் பழக்கம்.

வேலைக்கு ஒரு கெடுவும் இருந்தது. பெங்களூரில் இருக்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான்.

"அம்மா, உனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் வந்து பெருசா ஒண்ணு எடுத்துத் தரேன். டிரைவரும் போட்டுடலாம். நீ பின்னாடி நிம்மதியா உக்காந்துக்க."

அறுபத்தோராவது வயதில் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து ஓட்டுநர் பயிற்சிக்குப் போய் உரிமம் வாங்கியவள், பின் இருக்கையில் உட்காருவதற்காகவா வாங்கினாள்? நான் அவனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை அவன் வந்து இறங்கும்போது நானே பார்த்துத் தேர்ந்தெடுத்த சின்னக் கார் வாசலில் நிற்கும். நிற்காவிட்டால் அவன் இஷ்டம்.

"சரி, பாக்கலாம்" என்றான். அந்தப் பதிலுக்குள் இருந்த சிரிப்பு பெங்களூரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை கேட்டது.

காரை விற்பவர் பெயர் செல்வராஜ். ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறார். அங்கே மாப்பிள்ளையிடம் ஏற்கெனவே இரண்டு கார்கள் நிற்பதால் இதற்கு இடமில்லை. இதெல்லாம் தொலைபேசியில் அவரே சொன்னது. கூடவே இன்னொன்றும் சொன்னார். பதினொரு மணிக்கு வேறொருவர் பார்க்க வருகிறார், யார் முதலில் முடிவு சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் வண்டி.

ஆகவே ஒன்பதரைக்கே நானும் என் கணவரும் ஆட்டோவில் போய் இறங்கிவிட்டோம். என் கணவர் ரயில்வேயில் இருந்தவர். தண்டவாளம் இல்லாத எதையும் ஓட்டிப் பழக்கமில்லை என்பார். அன்று அவர் வெறும் பார்வையாளர்.

நான் இருபத்தைந்து கேள்விகளோடு போயிருந்தேன். அ, ஆ, இ என்று மூன்று பிரிவுகள். செல்வராஜ் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். சர்வீஸ் ரசீதுகள் தேதி வரிசையில் இருந்தன. டயர் மாற்றிய நாள், பேட்டரி மாற்றிய நாள், கண்ணாடி துடைப்பானின் ரப்பர் மாற்றிய நாள் உட்பட. கால்மிதியைத் தூக்கித் துரு பார்க்க வேண்டும் என்றேன். டார்ச் கொண்டுவந்து கொடுத்தார்.

வாழ்க்கையில் முதல் முறையாக என்னைவிடக் கறாரான ஒருவரைச் சந்தித்த மகிழ்ச்சி எனக்கு. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "இப்படிக் கேட்டு வாங்குறவங்களுக்குத்தான் குடுக்கணும்" என்று தம் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் என் கணவருக்கு இரண்டாவது டம்ளர் காபி கொடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி நிறக் கார். பத்து வயது. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டேன். நான்கு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் எதுவும் இல்லை. முழு மதிப்பெண் போட்டு எனக்குப் பழக்கமில்லை.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடுங்க டீச்சர்" என்றார் செல்வராஜ்.

நான் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தேன். அவர் பக்கத்தில். என் கணவர் பின்னால். ஒரு சுற்றுத்தானே என்று செல்வராஜ் லுங்கியும் பனியனுமாக, தோளில் துண்டோடு, செருப்புக்கூடப் போடாமல் ஏறிக்கொண்டார்.

வண்டி வெண்ணெய் போலக் கிளம்பியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. என் கால் கிளட்ச்சில் இருப்பதே தெரியவில்லை. கண்ணாடியில் என் கணவரின் முகத்தில்கூடக் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

"அந்த முனையில லெஃப்ட் எடுங்க டீச்சர்."

இந்த இடத்தில் நான் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இடப்பக்கம் திரும்ப எனக்கு வராது.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது. எங்கள் வீடு சித்திரை வீதியில். எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் பக்திமான். விடியற்காலையில் நெரிசல் இருக்காது என்று பயிற்சியைச் சித்திரை வீதிகளிலேயே வைத்தார். நான்கு வீதிகள், நடுவில் கோயில். கிழக்கிலிருந்து தெற்கு, தெற்கிலிருந்து மேற்கு, மேற்கிலிருந்து வடக்கு என்று பிரதட்சிணமாகத்தான் சுற்றுவோம். ஒரு நாள், எதிர்த் திசையில் ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "பெருமாள இடது பக்கம் வெச்சுண்டு சுத்தறதாவது!"

ஆக, ஒரு நாளைக்கு நான்கு சுற்று, சுற்றுக்கு நான்கு திருப்பம். பதினாறும் வலப்பக்கம். முடிந்ததும் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். உரிமத் தேர்வில் ஒரே ஓர் இடப்பக்கத் திருப்பம் வந்தது. சக்கரம் ஓரக் கல்லில் மெல்ல ஏறி இறங்கிய அந்த நொடியில் அதிகாரிக்குத் தும்மல் வந்தது என் அதிர்ஷ்டம். காரின் இடப்பக்கச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

முனை வந்தது. நான் திரும்பாமல் நேரே போனேன்.

"லெஃப்ட் சொன்னேனே டீச்சர்" என்றார் செல்வராஜ்.

அடுத்த முனையில் வலப்பக்கம் திரும்பினேன். அடுத்ததிலும் வலப்பக்கம். அதற்கடுத்ததிலும். அங்கே தெருக்கள் எல்லாம் கட்டம் போட்ட நோட்டைப் போல நேர்நேராக இருந்தது என் புண்ணியம். மூன்று வலங்கள் சேர்ந்தால் ஓர் இடம். தாண்டிப் போன முனைக்கே குறுக்கே வந்து, அவர் சொன்ன தெருவுக்குள் சரியாக நுழைந்தேன்.

செல்வராஜ் சற்று நேரம் யோசித்தார். பிறகு மரியாதையோடு என்னைப் பார்த்தார். "ஸ்டியரிங்க ஃபுல்லா ஒடிச்சு டெஸ்ட் பண்றீங்களா? கரெக்ட். இப்படித்தான் பாக்கணும்."

ஆமாம் என்று தலையாட்டினேன். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படித் தலையாட்டியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

அதற்குள் ரவுண்டானா வந்துவிட்டது.

நடுவில் வட்டமாகப் புல்தரை, அதன்மேல் ஆலையின் பழைய இரும்புச் சக்கரம் ஒன்றை வண்ணம் அடித்து நிறுத்தியிருந்தார்கள். நுழைவதற்கு ஒரு சிரமமும் இல்லை, சாலையே வளைந்து கொடுத்தது. உள்ளே போனதும் என் மனம் அப்படியே குளிர்ந்துவிட்டது. நடுவில் ஒன்று இருக்கிறது, அது என் வலக்கைப் பக்கம் இருக்கிறது, நான் அதைச் சுற்றுகிறேன். இதைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை உலகத்தில் கிடையாது.

வெளியே போக இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது இரண்டாவது சுற்றில்தான் உறைத்தது.

மூன்றாவது சுற்றில் செல்வராஜ், ஸ்டியரிங் போதும், பிரேக்கைச் சோதித்துப் பாருங்கள் என்றார். பிரேக் போட வழியில்லை. ஆலைப் பேருந்து ஒன்று எங்கள் பின்னாலேயே நுழைந்திருந்தது. அது தன் வழியில் பிரிந்து போனதும் அடுத்த பேருந்து வந்தது. ஷிப்ட் விடும் நேரமோ என்னவோ, வரிசையாக ஸ்கூட்டர்கள் வேறு.

நான்காவது சுற்றில், ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஐந்தாவதில் கையசைத்தார். ஆறாவதில் என் கணவர் பதிலுக்குக் கையசைத்தார்.

காய்கறிப் பையோடு இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். நீலச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, எங்கள் கார் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். காவலர் ஒருவர் விசில் ஊதினார். ஏழாவது சுற்றில் ஊதுவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டார். செருப்பில்லாத செல்வராஜ் துண்டை எடுத்துப் பனியனை மூடிக்கொண்டார். அவர் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த ஊர் அது.

"டீச்சர்" என்றார் மெல்லிய குரலில். "உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு லெஃப்ட் எடுக்க வராதா?"

"வரும்" என்றேன். "இப்போ வரலை."

இடம் மாறி உட்கார்ந்து தானே ஓட்டிவிடட்டுமா என்று கேட்டார். என் கணவர், அதுதான் நல்லது என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த இருக்கையிலிருந்து இறங்கினால் பதினொரு மணிக்காரருக்குத்தான் வண்டி. நாளைக் காலை என் மகன் வருவான். டிரைவர் வருவார். மீதி வாழ்நாள் முழுவதும் நான் பின் இருக்கை.

ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். எட்டாவது சுற்று முடிந்தது.

"விஜயா" என்றார் பின்னாலிருந்து என் கணவர், மிகப் பொறுமையாக. "நவக்கிரகத்துக்கே ஒம்பதுதான்."

செல்வராஜ் கண்ணை மூடித் திறந்தார். ஆலையில் எத்தனையோ கோளாறுகளைத் தீர்த்தவர் அல்லவா? "சரி, நீங்க லெஃப்டே எடுக்க வேணாம் டீச்சர். ரைட்டுல ஒடிக்கிறத மட்டும் நிறுத்துங்க. நான் சொல்றப்போ ஸ்டியரிங்க நேராப் புடிங்க. வண்டி தானா வெளிய போயிடும்."

தொடுகோடு.

வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டு, அதை விட்டு நேரே விலகிப் போகும் கோடு. ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்தது. இதுகூடவா புரியவில்லை என்று நான் எத்தனை பிள்ளைகளைக் கேட்டிருப்பேன். இப்போது அதை லுங்கி கட்டிய ஒருவர் எனக்கு நடத்திக்கொண்டிருந்தார்.

"இப்போ" என்றார். நேராகப் பிடித்தேன். வண்டி வட்டத்தை விட்டு மெல்ல விலகிச் சாலையில் இறங்கியது. பெஞ்சுப் பெரியவர் கைதட்டியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

அங்கிருந்து அவர் வீடு வரை எத்தனை வலங்கள் போட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. வாசலில் நிறுத்தி இறங்கியதும் செல்வராஜ் நேராக வண்டியின் இடப்பக்கம் போய், குனிந்து, பின்னாலிருந்து முன்னால் வரை தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பத்து வருஷம் புள்ள மாதிரி வெச்சிருந்த வண்டி. உங்ககிட்ட குடுக்க மனசு வரலை. பதினொரு மணிக்கு வர்றவருக்கே குடுத்துடறேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல் தவறில்லை. எனக்குக் கிடைத்த மதிப்பெண் சரியானது என்று நான் ஒப்புக்கொண்டது என் வாழ்க்கையில் மிக அரிது. அன்று ஒப்புக்கொண்டேன். பையை எடுத்துக்கொண்டு, ஆட்டோ எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன்.

அப்போது அவருடைய போன் அடித்தது. பதினொரு மணிக்காரர்தான். செல்வராஜ் ஒலிபெருக்கியைப் போட்டுப் பேசுகிறவர், அதனால் எங்களுக்கும் கேட்டது.

"சார், நான் சீக்கிரமாவே வந்துட்டேன். ரவுண்டானாகிட்டயே உங்க வண்டியப் பாத்தேன். நீங்க அனுப்பின ஃபோட்டோல இருந்த அதே நம்பர். ஸ்டியரிங் ஒரு பக்கமா லாக் ஆகி சுத்திக்கிட்டே இருந்துச்சு சார். ஓட்டின அம்மா பாவம், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தாங்க. மன்னிச்சுக்கங்க, எனக்கு இந்த வண்டி வேணாம்."

நீலச் சட்டை.

செல்வராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "தம்பி, ஸ்டியரிங்ல ஒரு கோளாறும் கிடையாது. அத ஓட்டினவங்க..." என்று ஆரம்பித்தார்.

என்னைப் பார்த்தார். நான் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"...சரி தம்பி, பரவாயில்ல" என்று முடித்து, போனை வைத்துவிட்டார்.

அவர் மனைவி எல்லாருக்கும் காபி கொண்டுவந்தார். என் கணவருக்கு அது மூன்றாவது.

"முப்பது வருஷம் குவாலிட்டியில வேல பாத்தேன்" என்றார் செல்வராஜ். "நல்ல பொருள் ரிஜெக்ட் ஆனத இன்னிக்குத்தான் பாக்குறேன்." பிறகு ரசீதுகள் இருந்த ஃபைலை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஸ்ரீரங்கம் வரை அவர்தான் ஓட்டிக்கொண்டு வருவார். நான் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன்.

மாலையில், இந்த முறை சட்டை பேன்ட் செருப்போடு, அவரே வண்டியை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதன் கூரையை ஒரு தரம் தட்டிக்கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போனார்.

ஞாயிறு காலை என் மகன் வந்து இறங்கினான். காரைச் சுற்றி வந்தான். பானெட்டைத் திறந்து பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஓட்டிக் காட்டு என்றான்.

சித்திரை வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றினேன். மாடு, சைக்கிள், பூக்காரம்மாளின் கூடை, எதையும் உரசாமல் நான்கு முனைகளையும் கோடு பிசகாமல் திரும்பி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"அம்மா, என்னைவிட நல்லா ஓட்டுற" என்றான் மகன். பெரிய கார் பேச்சும் டிரைவர் பேச்சும் அதோடு ஒழிந்தன. என் கணவர் வாயைத் திறக்கவில்லை. நாற்பது ஆண்டு இல்லறத்தில் அவர் எனக்குச் செய்த உதவிகளில் அதுவே பெரிது.

கார் வந்து மூன்று மாதம் ஆகிறது. நினைத்த நேரத்தில் நானே எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடங்களுக்கு மட்டும் ஆட்டோ.