‘சேமி’ என்ற பொத்தான் குறித்து மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் வீட்டில், உங்கள் மனைவியின் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர, எல்லோரும் எல்லாமும் நலம். அங்கே உங்கள் உடம்புக்கும் தங்கியிருக்கும் அறைக்கும் வேளாவேளைச் சாப்பாட்டுக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். தொலைபேசியில் உங்களிடம் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டவுடன் எனக்குப் பேச்சு தீர்ந்துபோகிறது. “இதோ, அத்தைகிட்ட குடுக்கறேன்” என்று கை தானாகவே நீண்டுவிடுகிறது. இது அப்படிக் கைமாற்றிவிடக்கூடிய விஷயம் இல்லை. நீங்கள் எழுதிய மென்பொருளில் உள்ள ஒரு பொத்தானைப் பற்றியது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் குறை சொல்ல வரவில்லை. மாப்பிள்ளையிடம் குறை சொல்கிற குடும்பம் இல்லை எங்களுடையது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசிக்கும்போது எங்காவது குறை தென்பட்டால் அது தானாகத் தென்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கூடப் படிக்கட்டில், படிகள் முடிந்துவிட்டன என்று நினைத்து, முடியாமல் மிச்சமிருந்த ஒரே ஒரு படியில் மகள் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். முழங்கை வரை மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கின்றன. அவற்றால் மவுஸைத் தொட முடிகிறது, பிடிக்க முடியவில்லை. இடது கையால் முயன்றாள். திரையில் அந்த அம்புக்குறி வீட்டுக்குள் புகுந்த ஈ மாதிரி சுற்றியது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவள் ஆராயும் நத்தையின் மரபுத்தொகுதியை ஒப்படைக்க வேண்டும். தவறினால் அந்தப் பெரிய கூட்டுத் திட்டத்தின் பட்டியலிலிருந்து நத்தையை எடுத்துவிடுவார்களாம். அடுத்த வாய்ப்பு ஒன்றரை வருடம் கழித்துத்தான். எட்டு மாதமாக அவள் வேறு எதையும் நினைக்கவில்லை. ஆகவே நானும் உங்கள் அத்தையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தோம். அத்தை சமையலறைக்குப் போனார். நான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

வேலையை எனக்கு மகள் விளக்கினாள். அதை இங்கே எழுதுவது உங்களுக்குத் தெரியாது என்பதால் அல்ல. எனக்குப் புரிந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால். நத்தையின் மரபுத்தொகுதியை இயந்திரம் முழுசாக வாசித்துக் கொடுப்பதில்லை. அறுநூற்றுச் சொச்சம் துண்டுகளாகத்தான் கொடுக்கிறது. அவற்றைப் பத்தொன்பது குரோமோசோம்களாக வரிசைப்படுத்த வேண்டும். எந்தத் துண்டு எதற்குப் பக்கத்துவீடு என்பதை உங்கள் மென்பொருள் சிவப்புப் புள்ளிகளால் ஒரு சதுரமாக வரைந்து காட்டுகிறது. எல்லாம் சரியாக உட்கார்ந்திருந்தால் மூலைக்கு மூலை ஒரே சிவப்புக் கோடு. ஒரு துண்டு இடம் மாறி உட்கார்ந்திருந்தால், அதன் சிவப்பு எங்கோ ஓர் ஓரத்தில் திக்கற்றுக் கிடக்கும். கணினி தானாக வரிசைப்படுத்துவது முக்கால்வாசிதான் சரி. மிச்சத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து, கண்ணால் பார்த்து, வெட்டி, நகர்த்தி, தலைகீழாக இருப்பதைத் திருப்பி வைக்க வேண்டும்.

மாப்பிள்ளை, முப்பத்துநான்கு வருடம் நான் எக்ஸ்ரே அறையில் இருந்தவன். படத்தைத் திருப்பி மாட்டினால் இதயம் வலப்பக்கம் போய்விடும். வைத்தியருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். எனவே செவ்வாய்க்கிழமை அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். புதன்கிழமை நான் சொல்ல அவள் தலையாட்டினாள். ஏழாவது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டைக் காட்டி, “இது திருப்பி மாட்டியிருக்கும்மா” என்றேன்.

“எப்படிப்பா சொல்றீங்க? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு?”

“ஒரே மாதிரி இல்ல. இந்தப் பக்கம் சிவப்பு மெல்ல மெல்ல மங்குது. அந்தப் பக்கம் சட்டுனு வெட்டினாப்ல நிக்குது.”

அவள் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். அப்புறம் என்னையும் அதே மாதிரி பார்த்தாள். “திருப்புங்க” என்றாள். மகள் பள்ளியில் பரிசு வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. இதை அவளிடம் சொல்லவேண்டாம்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்று காலை மாவுக்கட்டைப் பரிசோதிக்க மகளும் அத்தையும் மருத்துவமனைக்குப் போனார்கள். புதன்கிழமை வரை செய்த வேலையை மகள் தனியாக எடுத்து வைத்திருந்தாள். “முடிஞ்சவரைக்கும் மேல பாருங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று மணி நேரம் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நூற்று நாற்பத்திரண்டு திருத்தங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தேன். எக்ஸ்ரே அறையில் பதிவேட்டில் எழுதாமல் ஒரு படத்தையும் வெளியே விட்டதில்லை, அந்தப் பழக்கம். பத்தொன்பது குரோமோசோம்களும் பத்தொன்பது பெட்டிகளாக வந்து நின்றன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். பிறகு மேலே உங்கள் பொத்தான்களை வாசித்தேன். மெனு முழுக்கத் தமிழில் இருந்ததைப் பார்த்து உங்களை மனதாரப் பாராட்டிக்கொண்டேன் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அங்கே இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் ‘சேமி’ என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் ‘ஏற்றுமதி’ என்று எழுதியிருந்தது. நீங்களே சொல்லுங்கள், மாப்பிள்ளை. வீட்டில் மகள் இல்லாத நேரம். அவளுடைய எட்டு மாத உழைப்பு. அதை நான் எந்த தைரியத்தில் ஏற்றுமதி செய்வேன்? எந்தத் துறைமுகத்தில் போய் இறங்குமோ, யார் கையில் சிக்குமோ என்று பயந்து அந்தப் பக்கமே அம்புக்குறியைக் கொண்டுபோகவில்லை. அடக்க ஒடுக்கமாக ‘சேமி’யை அழுத்தினேன். ‘நிலை சேமிக்கப்பட்டது’ என்று அதுவும் பச்சை நிறத்தில் அடக்க ஒடுக்கமாகப் பதில் சொன்னது. மூடவா என்று கேட்டது. மூடு என்றேன். மூடிக்கொண்டது. நான் போய்க் கொஞ்சம் படுத்தேன்.

அவர்கள் வருவதற்குள் இன்னொரு முறை பார்த்து மகிழலாம் என்று திறந்தேன். நான் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த அதே மூலை. அதே உருப்பெருக்கம். நான் ஒரு பொட்டு குறைத்து வைத்திருந்த அதே சிவப்பு. என் திருத்தங்களில் ஒன்றுகூட இல்லை. நூற்று நாற்பத்திரண்டில் ஒன்றே ஒன்றுகூட. நான் எங்கே பார்த்தேன் என்பதை உங்கள் மென்பொருள் அவ்வளவு நாணயமாக நினைவில் வைத்திருந்தது. என்ன செய்தேன் என்பதைத்தான் மறந்துவிட்டது. ‘சேமி’ என்றால் பார்வையைச் சேமிப்பதாம். திருத்தங்கள் வேண்டும் என்றால் ஏற்றுமதிதான் செய்ய வேண்டுமாம். இது உதவிப் பக்கத்தில், கீழே, மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது. தேடிப் படித்தேன். அழகான நடையில்தான் எழுதியிருக்கிறது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மகள் முகம் வாடியிருந்தது. கட்டைப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். “எவ்வளவு தூரம் ஆச்சுப்பா?” என்று கேட்டாள்.

“இன்னிக்கு ஒண்ணும் பண்ணலம்மா. கண்ணு கொஞ்சம் எரிஞ்சுது, படுத்துட்டேன்” என்றேன்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ, “நான்தான் உங்களைப் போட்டுப் படுத்தறேன். நாளைக்கு என்ன முடியுதோ முடியட்டும், விடுங்க” என்று இடது கையால் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி தண்ணீர் தரையில். உங்கள் அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சமையலறைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “என்ன உடைச்சீங்க?” என்று கேட்டார். நாற்பது வருடத்தில் அவரிடம் நான் ஒரு பொய்யையும் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். நோட்டு பக்கத்தில். மகள் ஆய்வுக்கூடத்துக்கு எழுத வேண்டிய அறிக்கையை அடுத்த அறையில் ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். சூடுபட்டவன் நான், இந்தத் தடவை கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஏற்றுமதி செய்தேன். ஒவ்வொரு தடவையும் உங்கள் மென்பொருள் பெயர் கேட்டது. நானும் மரியாதையாகப் பெயர் வைத்தேன். ‘நத்தை முதல்’ என்று வைத்தேன். பாதியில் ஒரு தடவை அத்தை சாப்பிடக் கூப்பிட்டபோது, அதுவரைக்கும் சரிதான் என்ற திருப்தியில் ‘நத்தை முற்றும் முடிந்தது’ என்று வைத்தேன். பிறகு ‘நத்தை முடிந்தது’. பிறகு ‘நத்தை இப்போதைக்கு’. பன்னிரண்டரை மணிக்கு நூற்று நாற்பத்திரண்டையும் முடித்து ‘நத்தை இதுவே கடைசி’ என்று வைத்தேன். மொத்தம் இருபத்திமூன்று நத்தைகள்.

“கடைசி ஃபைல் அங்க இருக்கும்மா” என்று மகளிடம் சொன்னேன். அவள் பட்டியலில் கடைசியாக இருந்ததை எடுத்து ஆய்வுக்கூடத் தலைவிக்கு அனுப்பினாள். அவள் மேல் தப்பில்லை. பட்டியல் அகர வரிசையில் நின்றது. இகரம் மேலே போய்விட்டது. ‘முற்றும்’ என்பது ‘முடிந்தது’ என்பதற்கும் கீழே போய் நின்றது. ஆகவே நான் சாப்பிடப் போனபோது வைத்த பாதி நத்தை போய்ச் சேர்ந்தது.

மூன்று மணிக்குத் தலைவி அழைத்தார். மகள் கைக்கு வசதியாக ஒலிபெருக்கியில் போட்டாள்.

“என்னம்மா இது? பதினோராவது குரோமோசோம் பாதியில நிக்குது. அதுக்கப்புறம் எல்லாம் கொட்டிவச்ச மாதிரி கிடக்கு. அஞ்சு மணிக்கு நான் என்னத்த அனுப்பறது, அரை நத்தையா?”

மகளின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். “ஒரு நிமிஷம் மேடம்” என்றவள் இடது கையால் பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வியாழக்கிழமைக் கதை, கண் எரிச்சல் பொய், இருபத்திமூன்று நத்தைகள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஒலிபெருக்கி இயங்கிக்கொண்டிருப்பது எனக்கு நினைவில்லை.

“முழு நத்தையை அனுப்புங்க” என்று சொல்லித் தலைவி வைத்தபோதுதான் நினைவுக்கு வந்தது. “நூத்து நாப்பத்திரண்டையும் திரும்பப் பண்ணீங்களா?” என்று மகள் கேட்டாள்.

“நோட்டு இருந்துச்சும்மா.”

“ஏன்பா நேத்தே சொல்லல?”

“உனக்கு ஏற்கெனவே கை ஒடிஞ்சிருக்கு.”

அவள் சிரிக்கத் தொடங்கி அது அழுகையாகி மறுபடி சிரிப்பாயிற்று. மாவுக்கட்டோடு என் தோளைக் கட்டிக்கொண்டாள். தோள் இன்னும் வலிக்கிறது. பிறகு இருவருமாக ‘நத்தை இதுவே கடைசி’யைத் தேடியெடுத்து அனுப்பினோம். ஒரு மணி நேரம் நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நாலரைக்கு அழைப்பு வந்தது.

“இப்போ சரியா இருக்கு. பத்தொன்பது. ஏழாவதுல ஒரு துண்டு திருப்பியிருக்கே, அதை யார் பார்த்தது? இங்க ரெண்டு பேர் பார்த்தும் விட்டுட்டாங்க.”

“எங்க அப்பா மேடம். எக்ஸ்ரே.”

“எந்த ஆய்வுக்கூடத்துல?”

“எங்க வீட்டுலதான்.”

நத்தை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, மாப்பிள்ளை. ஆகவே எனக்கு இப்போது யார் மேலும் வருத்தமில்லை. ஆனாலும் சில வேண்டுகோள்கள். மாமனார் என்ற உரிமையில் அல்ல, உங்கள் மென்பொருளைப் பயன்படுத்தியவன் என்ற உரிமையில். பார்வையை மட்டும் சேமிக்கிற பொத்தானுக்குச் ‘சேமி’ என்று பெயர் வைத்தவருக்கு, அதை நம்பி அழுத்துகிறவர்கள் மேல் கொஞ்சம் இரக்கம் வேண்டாமா? ‘பார்த்த இடத்தை நினைவில் வை’ என்று எழுதினால் என்ன? திருத்தங்கள் இன்னும் வெளியே எடுக்கப்படாமல் இருக்கும்போது மூடப் போனால், “ஐயா, பொறுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மூடவா என்று அது கேட்ட தோரணையில் ஒரு கவலையும் இல்லை. இப்படி ஒரு பொத்தானை வைத்துவிட்டு அதை வைத்தவர் எப்படி நிம்மதியாகத் தூங்குகிறார் என்று வியாழக்கிழமை மதியம் ஒரு கணம் நினைத்தேன். உடனே, நினைத்ததற்காக வருந்தினேன். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நீங்கள் நல்ல உடம்போடும் தெளிந்த மனதோடும் வேலையை முடித்துத் திரும்ப வேண்டும் என்று நானும் அத்தையும் வாழ்த்துகிறோம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குளிர் என்றால் காதை மூடிக்கொள்ளுங்கள். உங்களுடன் வேலை செய்பவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உதவிப் பக்கத்தை எழுதியவருக்கும் சேர்த்து.

என்றும் உங்கள் மேல் மாறாத மரியாதையுள்ள,
மாமனார்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் மகள் இந்தக் கடிதத்தைப் பிடுங்கி வாசித்துவிட்டாள். வாசித்து முடித்ததும் காகிதத்தை மடித்து என் கையில் வைத்தாள். “அப்பா, அந்த பட்டனை எழுதினது அவர் இல்ல” என்றாள். “பின்ன யாரு?” என்றேன். “நான்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி, எங்க பார்த்துக்கிட்டிருந்தேன்னு மறந்துபோகுதுன்னு நானே சேர்த்துக்கிட்டேன். பேரை மாத்து, யாராவது ஏமாந்துபோவாங்கன்னு அவர் ரெண்டு தடவை சொன்னார். யாரு ஏமாறப்போறாங்கன்னு சொல்லி நான்தான் அவர் பேச்சைக் கேட்கல.” உதவிப் பக்கமும் அவள் எழுதியதுதானாம். வேறு காகிதம் கையில் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி எழுதத் தெம்பும் இல்லை. ஆகவே மேலே பொத்தானைப் பற்றி எழுதியதை எல்லாம் உங்கள் மனைவியைப் பற்றியதாக மாற்றி வாசித்துக்கொள்ளவும். மரியாதைச் சொற்களை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளவும்.