வசதிக் கடிதமும் வறுமைக் கடிதமும்

சாய்ந்தமருது,
10.10.1982

அன்பு மகன் ஜெமீலுக்கு வாப்பா காலிதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மா சபூறாவும் தங்கச்சி நதீராவும் சுகம். அமெரிக்காவில் நீயும் தடிமன், இருமல் எதுவுமின்றிச் சுகமாயிருக்க ஐந்து நேரமும் துஆக் கேட்கிறோம்.

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இரண்டாம் வருடப் படிப்புக்குப் பல்கலைக்கழகம் உதவிப் பணம் தரும் என்றும், நமக்கு வசதியில்லை என்று கிராம சேவகர் எழுதி முத்திரை குத்திய கடிதம் அதற்கு வேண்டும் என்றும், அது மாத முடிவுக்குள் வராவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்றும் எழுதியிருந்தாய். மகன், நமக்கு வசதியில்லை என்பதற்கு உன் உம்மாவின் வெறுங்காதே போதிய சாட்சி. ஆனால் போன வருடம் நீ விசா எடுக்கப் போனபோது, நாம் பெரும் வசதிக்காரர், பன்னிரண்டு ஏக்கர் வயல் உண்டு, மகனைப் படிக்க வைக்க எந்தக் கஷ்டமும் இல்லை என்று எழுதித் தந்தவரும் இதே கிராம சேவகர்தான். அந்தப் பன்னிரண்டில் ஒன்பது ஏக்கர் உன் மாமாவுடையது என்று நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பணமிருக்கிறது என்று சொன்னால்தான் உள்ளே விடுவார்கள், பணமில்லை என்று சொன்னால்தான் அங்கே வைத்திருப்பார்கள் என்றால், அந்த நாட்டுக்காரர் எப்படி முன்னுக்கு வந்தார்களோ!

அதோடு, படித்து முடித்து என்ன செய்வாய் என்று பல்கலைக்கழகம் கேட்ட கேள்விக்கு, நெல்லைக் கருக்கும் அறக்கொட்டியான் பூச்சியை ஆராய்ந்துவிட்டு ஊருக்கு வந்து விவசாயிகளோடு வயலில் நிற்பேன் என்று எழுதினாயாமே. வயலில் நிற்பதற்கு அமெரிக்கா எதற்கு மகன்? நான் முப்பது வருடமாக நிற்கிறேன், ஒருவரும் விசா கேட்கவில்லை. நீ டொக்டருக்குப் படிக்கிறாய் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பூச்சிக்குத்தான் டொக்டர் என்பதை இன்னும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை கிராம சேவகர் வீட்டுக்குப் போனேன். உள்ளே கதிரையில் யார்? கல்முனை பசாரில் புடவைக்கடை வைத்திருக்கும் நூஹு முதலாளி. அவருடைய மகன் ஜவுபர் மாஸ்டருக்குத்தான் நம் நதீராவைக் கதைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சம்பந்தம் வந்ததே, போன வருட வசதிக் கடிதத்தின் கதை கிராம சேவகரின் வாயால் பசாருக்குப் போனதால்தான்.

"வாங்க காலிதீன் காக்கா, என்ன விசயம்?" என்றார் கிராம சேவகர். ஏழை என்று எழுதித் தாருங்கள் என்று சம்மந்தியாகப் போகிறவரின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வேன்? நாக்கு அதுபாட்டில் புரண்டு, "எருமைக்கு உரிமைச் சீட்டு எடுக்க வந்தன்" என்றது.

"எருமையா? எத்தின?"

"நாலு சோடி."

நூஹு முதலாளி கதிரையின் நுனிக்கு வந்தார். "மாஷா அல்லாஹ்! கிட்டடியில வாங்கினயா? வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் பொறகு வாறன். பாக்கத்தானே வேணும்."

ஏழையாகப் போனவன் எட்டு எருமையோடு திரும்பினேன்.

வியாழக்கிழமை சொறிக்கல்முனைக்குப் போய், செல்லத்தங்கம் என்ற விவசாயப் பெண்ணிடம் கையைக் காலைப் பிடித்து, ஒரு நாளைக்கு என்று எட்டு எருமையும் கேட்டு வாங்கி வந்தேன். உழவு நாளில் தந்தது அவளுடைய பெரிய மனம். நம் வளவு எட்டு எருமைக்குக் கட்டப்பட்டதல்ல மகன். ஒன்று வேலியைச் சாய்த்தது, ஒன்று கிணற்றடியில் படுத்துக்கொண்டு தண்ணீர் அள்ள விடவில்லை, இன்னொன்று உன் உம்மா காயப்போட்டிருந்த மருதமுனைச் சாரியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கொம்பில் போட்டுக்கொண்டு நின்றது. உம்மா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை.

வெள்ளிக்கிழமை நூஹு முதலாளி காரில் வந்து இறங்கி, எருமைகளை எண்ணி, சிரித்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுக்கவும், செல்லத்தங்கம் படலையைத் திறந்துகொண்டு வரவும் சரியாக இருந்தது.

"காக்கா, நாளைக்கு வயலுக்குத் தண்ணி திறக்கிறாங்களாம். என்ர எருமையளத் தாங்க."

நூஹு முதலாளி என்னைப் பார்த்தார். நான், "நம்மட எரும மேய்க்கிற ஆள்" என்றேன்.

செல்லத்தங்கம் இடுப்பில் கையை வைத்தாள். "ஆரு மேய்க்கிற ஆள்? நாளைக்கு உங்களுக்குக் கூலிக்கு உழவு வேணுமெண்டா இந்த வாயோடதான் வருவீங்க!" என்று எட்டையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் செய்தது தவறு. அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால் அன்று எருமைகள் படலை தாண்டுமுன்பே நூஹு முதலாளி கோப்பையை வைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

ஆகவே மகன், வசதியில்லை என்று எழுதி வாங்கினால் நதீராவின் கலியாணம் முறிந்துவிடும். வாங்காவிட்டால் உன் படிப்பு நின்றுவிடும். நன்றாக யோசித்துவிட்டேன். நாங்கள் வசதியானவர்கள், உங்கள் பணம் வேண்டாம் என்று உன் பல்கலைக்கழகத்துக்கு மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்து சேர். அறக்கொட்டியான் இங்கே உனக்காகக் காத்திருக்கிறது.

உம்மாவின் முத்தங்களும் என் துஆவும் உனக்கு. வல்ல நாயன் உன்னைப் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.

உன் வாப்பா,
காலிதீன்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது நதீராவும் உம்மாவும் வெளியிலிருந்து வந்தார்கள். நேரே கிராம சேவகரிடம் போயிருக்கிறார்கள். "எங்கட வாப்பாக்கு மூணு ஏக்கர்தான். எரும ஒண்டும் இல்ல. எங்கட காக்கா அமெரிக்காவில படிக்கோணும். உள்ளத உள்ளபடி எழுதுங்க" என்று நதீரா நின்ற நிலையில் சொன்னாளாம். அவரும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். அதோடு விட்டாளா? அந்தக் கடிதத்தோடு நூஹு முதலாளி வீட்டுக்கும் போயிருக்கிறாள். கலியாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படியேறியது நம் தெருவில் இதுதான் முதல் தடவை. முதலாளியின் மனைவி சுபைறா அதை வாசித்துவிட்டு நதீராவைக் கட்டிப்பிடித்து, "அல்ஹம்துலில்லாஹ் மகள்! கட எங்கட தம்பிட, கார் இரவலு. இவ்வளவு பெரிய இடத்துக்கு எப்பிடி ஈடு குடுக்கிறண்டு ஒரு கிழமையா நாங்க சோறு தின்னல்ல" என்றாளாம். அறுவடை முடியக் கலியாணம், இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரே சாப்பாடு.

எனவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்காதே. கடிதம் உள்ளே இருக்கிறது. அங்கேயே இருந்து பூச்சியைப் படி. நாளை நூஹு முதலாளி மறுபடியும் தேத்தண்ணிக்கு வருகிறார். இரண்டு பேரிடமும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு என்ன கதைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.