ஒலிபெருக்கியில் என் பெயர்

உங்களுக்குப் பட்டப்பெயர் உண்டா என்று அமெரிக்காவில் ஒருவரிடம் முகத்துக்கு நேரே கேட்கலாம். எங்கள் கடற்கரை ஊரான இனயத்தில் கேட்டால் அடி விழும். டெக்ஸாஸில் என் மேலாளர் வில்லியம், வேலையில் சேர்ந்த அன்றே கைகுலுக்கி, "என்னை பில் என்றே கூப்பிடு" என்றார். அங்கே ராபர்ட்டுகள் பாப் ஆகி, எலிசபெத்துகள் லிஸ் ஆகி, அதையே அட்டையில் எழுதி நெஞ்சில் குத்திக்கொண்டு நடமாடினார்கள். அவரவர் பட்டப்பெயரை அவரவரே தேர்ந்தெடுக்கும் தேசம் அது. எங்கள் ஊரில் அந்தப் பொறுப்பை நமக்குப் பிடிக்காதவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

ஊருக்கும் வேறு வழியில்லை. எந்தத் தெருவில் கல்லெறிந்தாலும் ஒரு சேவியர் மேலோ ஓர் அந்தோணி மேலோதான் விழும். அந்தோணி மகன் சேவியரான எனக்கு நெத்திலி என்று பெயர் வைத்தார்கள். (அன்றைய உடம்பைப் பார்த்து வைத்தது. இன்றைக்கு வைப்பதென்றால் பெரிய மீனாகத் தேட வேண்டும்.)

விடுமுறையில் வந்திருந்தபோது பக்கத்து ஊரான கருங்கல்லில் எனக்குப் பெண் பேசினார்கள். பெண் மெர்சியிடம் போனில் பேசியதிலேயே நான் விழுந்துவிட்டேன். அவளுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் வீடு காண வருவதாக ஏற்பாடு. அமெரிக்க மாப்பிள்ளைக்கு நெத்திலி என்று பெயர் இருப்பது தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தேன். அதனால் அவளுடைய அப்பாவிடம், "கோயில் முன்னால இறங்கி, அந்தோணி மகன் சேவியர் வீடு எதுன்னு கேளுங்க, யாரும் காட்டுவாங்க" என்று சொல்லிவைத்தேன். அந்தப் பெயரில் ஊரில் என்னை ஒருவருக்கும் தெரியாது என்பது மூளைக்கு எட்டவில்லை.

சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டு, முகம் நிறையப் பவுடர் அப்பி, முன்னறையில் காத்திருந்தேன். மழை மூடி இருட்டிக்கொண்டு வந்தது. கோயிலில் துக்கமணி அடித்தது. பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது.

"அந்தோணி மகன் சேவியர் ஆண்டவரில் இளைப்பாறினார். அடக்கம் நாளை மாலை."

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போயிற்று.

வேறு யாரோ சேவியர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கையை நானே ஒருமுறை கிள்ளிப் பார்த்தேன். வரவேண்டியவர்களை வெகுநேரமாகியும் காணவில்லை. மெர்சிக்குப் போன் செய்தேன். எடுத்தாள், பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"நான் சேவியர் பேசுதேன்."

"எங்க இருந்து பேசுதீங்க?" அழுது அடைத்த குரல்.

"வீட்ல இருந்துதான். உங்க அப்பாவ இன்னும் காணலியே."

"அப்பா உங்க பக்கத்திலதான இருக்காங்க."

திரும்பிப் பார்த்தேன். என் பக்கத்தில் காலி நாற்காலி.

"உங்க கால்மாட்டுலதான் இருக்கோம்னு இப்பந்தான் சொன்னாங்க" என்றாள். போன் கீழே விழும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் விஷயம் உறைத்தது. கரண்டு இல்லாத இருட்டில், கூட்டம் போன வழியே ஓட்டமும் நடையுமாகத் துக்க வீட்டுக்குப் போனேன். பந்தலுக்குள் மெழுகுவர்த்திகள் எரிந்தன. கண்ணாடிப் பெட்டி முழுக்கப் பனிமூட்டம், மேலே மாலைகள். உள்ளே கிடப்பவர் யாரென்றே தெரியவில்லை. கால்மாட்டில் மெர்சியின் அப்பா, கொண்டுவந்த பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவள் அம்மா விம்மிக்கொண்டிருந்தாள். அமெரிக்காக்காரன் என்றுகூடப் பாராமல் சாவு கொண்டுபோய்விட்டதே என்று யாரிடமோ புலம்பினாள்.

"மாமா" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டையும் வெள்ளை முகமுமாக நான். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். மடியிலிருந்த ஆப்பிள்கள் ஒவ்வொன்றாக உருண்டன. அவள் அம்மா சத்தமில்லாமல் சாய்ந்துவிட்டாள்.

தண்ணீர் தெளிக்க ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்காள் என்னைக் கண்டு, "ஏலே நெத்திலி, எப்பம் வந்த? நம்ம கொம்பன் போயிட்டாரு கண்டியா" என்றாள்.

கொம்பன். சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துக் கடலுக்குள் இறக்கி நீச்சல் பழக்கியவர். அவர் பெயரும் சேவியர், அவருடைய அப்பா பெயரும் அந்தோணி என்பதை அவர் செத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். வெட்கமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. பெட்டிக்குள் என் பெயரோடு ஒருவர் கிடக்க, அவர் கால்மாட்டில் நின்று அழுதேன். மெர்சியின் அப்பா என் தோளைத் தொட்டு, உள்ளே எலும்பு இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆறுதல் சொன்னார்.

கல்யாணம் நடந்தது. செத்தவனே நேரில் வந்து பெண் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது என்று மாமனார் இன்றைக்கும் எல்லா விருந்திலும் சொல்லிச் சிரிக்கிறார்.

மெர்சி இதுவரை என்னைச் சேவியர் என்று கூப்பிட்டதில்லை. டெக்ஸாஸில் அலுவலக விருந்தில், பில் முன்னாலும் நெத்திலிதான். ஒருநாள் பொறுக்க முடியாமல் காரணம் கேட்டேன்.

"அந்தப் பேரச் சொல்லி நான் ஒருக்கா அழுது தீத்தாச்சு" என்றாள். "இனி கூப்பிட்டா யாரு திரும்பிப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."