பொட்டு சாரும் காது அடைத்த ரிசப்டரும்

பெங்களூரில் மனித உடம்பின் ரகசியம் முழுவதும் தெரிந்த ஒரே ஆள் பொட்டு சார்தான். மனிதர்களைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது.

தொண்ணூறுகளில் அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் தட்டச்சர். பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். பொட்டு சார் அல்சூர்க்காரர். ஒரே முனைவர் பட்டத்துக்காக ஒன்பது வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சட்டைப்பையில் பேனா இருக்காது. ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு இருக்கும். கல்யாணமாகாத மனிதர் பையில் பொட்டு எதற்கு என்று, முதல் வாரம் அவரைக் கண்டாலே தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். அப்புறம் அவரே வந்து விளக்கினார்.

"ஏம்மா, செல்லோட தோல்ல ரிசப்டர்னு ஒண்ணு குந்திக்கினு இருக்கு. வெளிய ஹார்மோன் வந்து பெல் அடிக்குது. இது உள்ள சேதி சொல்லுது. அவன் அடிச்சிக்கினே இருந்தா? உள்ளருந்து கைனேஸ்னு ஒருத்தன் வருவான். ரிசப்டரோட வால்ல பாஸ்பேட்டுன்னு ஒரு பொட்டு வெச்சிடுவான். ஆயிடுச்சு, அதுக்குக் காது அடைச்சிக்கும். வேற ஒருத்தன் வந்து பொட்ட எடுத்தா மறுபடி கேக்கும்."

"கைனேஸ் வரலேன்னா சார்?"

"நாய் தொரத்தி நீ ஒரு தடவ பயந்தா, கெழவியாகற வரைக்கும் நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும்மா!"

இதோடு விட்டிருந்தால் வம்பில்லை. எங்கள் இயக்குநருக்குக் காரணமில்லாமல் பெல் அடிக்கும் பழக்கம் இருந்தது. கோப்புக்கு ஒரு தடவை, தண்ணீருக்கு ஒரு தடவை, 'இப்போது நான் பெல் அடித்தேனா' என்று கேட்க ஒரு தடவை. ஓடுகிறவர் கடைநிலை ஊழியர் முனிரத்தினம். ஒருநாள் பதினோராவது பெல் அடித்தபோது அவர் டீயை வாயருகே கொண்டுபோயிருந்தார். பொட்டு சார் அவர் பின்கழுத்தில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டினார். "பாஸ்பேட் வெச்சாச்சு. உனக்குக் காது கேக்காது. குந்து."

முனிரத்தினம் அதை அரசாணையாகவே எடுத்துக்கொண்டார். பெல் அடித்தது. அவர் டீ குடித்தார். கடைசியில் இயக்குநரே இறங்கி வந்தார்.

"பெல் கேக்கலியாய்யா?"

"பொட்டு இருக்குது சார்" என்று முனிரத்தினம் கழுத்தைத் திருப்பிக் காட்டினார்.

மறுவாரம் டிரைவர், காவலாளி, கண்ணாடிக்குடுவை கழுவும் சரோஜா எல்லோரும் பொட்டு சார் அறை வாசலில் வரிசை கட்டினார்கள். அவரோ விஞ்ஞானத்தில் கறார். "மூணு தடவ யாரும் பெல் அடிச்சிக் கூப்பிடாதவனுக்குப் பொட்டு கெடையாது. சும்மா கெடக்கிற ரிசப்டர் கிட்ட இந்தக் கைனேஸ் போகமாட்டான்" என்று பாதிப்பேரைத் திருப்பி அனுப்பினார். 'பணிநேரத்தில் ஊழியர் பின்கழுத்தில் பொட்டு வைப்பது தடைசெய்யப்படுகிறது' என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதை அடித்ததும் இந்தக் கைதான்.

பிறகு வாய்மொழித் தேர்வு வந்தது. ஆய்வேடு ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்திருந்தது. இந்தத் தடவையும் தவறினால் பதிவே காலாவதி. ஒன்பது வருஷமும் ஆற்றில் கரைத்த புளி. குறிப்பெடுக்க என்னையும் உட்கார வைத்தார்கள். பொட்டு சாரைவிட எனக்குத்தான் அதிகம் வியர்த்தது.

மதராசிலிருந்து வந்த தேர்வாளர் சிரித்தே அறியாதவர். "பெல் அடிச்சு அடிச்சு ரிசப்டரே களைச்சுப் போயிருக்கலாமே? கைனேஸ்தான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

பதில் ஆய்வேட்டிலேயே இருந்தது. பாஸ்பேட் ஒட்டமுடியாதபடி வாலை மாற்றிய ரிசப்டரை மனித செல்லில் வைத்துப் பார்த்திருந்தார். அதற்குக் காது அடைக்கவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த வரைபடத்தை நீட்டியிருப்பார்கள். பொட்டு சார் தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்தார். முனிரத்தினத்தைக் கூப்பிட்டுக் கழுத்தில் எண்ணெய் தடவினார்.

"இப்ப பொட்டு ஒட்டாது. அடிங்க சார் பெல்லு!"

தேர்வாளர் மேசைமேல் இருந்த பெல்லை அடித்தார். முனிரத்தினம் வெளியே போய் உள்ளே வந்தார். பொட்டு சார் ஒட்டிய பொட்டு வழுக்கி விழுந்தது. மறுபடி பெல், மறுபடி முனிரத்தினம். பத்து தடவை தாண்டியும் வந்தார். பதினான்காவது தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பதினைந்தாவது பெல்லுக்கு வரவில்லை.

"களைச்சுட்டாரே?" என்றார் தேர்வாளர்.

பொட்டு சார் முகம் வெளுத்துவிட்டது. அடப்பாவி மனுஷா, படத்தைக் காட்டித் தொலைக்கக்கூடாதா என்று எனக்கு அழுகையே வந்தது. அப்போது வராந்தாவிலிருந்து குரல் கேட்டது.

"சார், எனக்கு முட்டி வலி சார்! அவரு செல்லுக்கு முட்டி ஏது?"

முதலில் சிரித்தது அந்தத் தேர்வாளர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அந்தப் படத்தைக் காட்டுங்க" என்றார். சாதாரண ரிசப்டரின் கோடு பாதியில் சரிந்திருந்தது. வால் மாற்றிய ரிசப்டரின் கோடு சரியாமல் கடைசிவரை போயிருந்தது. இரண்டு தடவை விரலால் தடவிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

நான் வெளியே வந்தபோது டாக்டர் பொட்டு சார் தரையில் உட்கார்ந்து முனிரத்தினத்தின் முட்டியை நீவிக்கொண்டிருந்தார்.

"அவங்க என்னப் பாஸ் பண்ணிட்டாங்க, அது கெடக்கட்டும். ஏம்மா, உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்றேன். பாதிதான் புரிந்திருந்தது. எத்தனையோ ஆய்வேடுகள் அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்குப் புரிந்ததா என்று கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான். அந்தப் பைத்தியக்கார மனுஷரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.